டிரிப்போலி: டார்பிடோவுக்காகக் கட்டி, கண்ணிவெடி போட வைத்துக்கொண்ட கப்பல்

கேள்வி இதுதான்: "1880-களில் இத்தாலி கட்டிய 'டிரிப்போலி' என்ற டார்பிடோ குரூசர் 36 வருடத்துக்கு மேல் கடற்படையில் இருந்தது, ஆனால் சொல்லிக்கொள்ளும்படி ஒரு சண்டைகூடப் போடவில்லை என்று படித்தேன். அப்படியென்றால் அது தோற்றுப்போன கப்பலா? எதற்காக இத்தனை காலம் வைத்திருந்தார்கள்?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிரிப்போலி தோற்ற கப்பல் இல்லை. டார்பிடோ என்பது நீருக்கடியில் ஓடிப்போய் எதிரிக் கப்பலில் மோதி வெடிக்கும் ஆயுதம்; டார்பிடோ குரூசர் என்றால் அதை விடுவதற்கென்றே கட்டிய வேகமான சிறு போர்க்கப்பல். எந்த வேலைக்காக அதைக் கட்டினார்களோ, அந்த வேலை பத்துப் பன்னிரண்டு வருடத்தில் வேறு வகைக் கப்பலுக்குப் போய்விட்டது. கப்பல் உறுதியாக இருந்ததால் அதற்கு வேறு வேலை கொடுத்தார்கள். அந்த இரண்டாவது வேலையில்தான் அது தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தது. இது எப்படி நடந்தது என்று புரிய கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1866 ஜூலை 20, ஏட்ரியாட்டிக் கடலில் லிஸ்ஸா தீவுக்கு அருகில் இத்தாலியக் கடற்படை ஆஸ்திரியாவிடம் தோற்றது. கப்பல் எண்ணிக்கையில் இத்தாலியின் கைதான் ஓங்கியிருந்தது. ஆனாலும் ஆஸ்திரியத் தளபதி டெகெட்ஹாஃப் தன் ஃபெர்டினாண்ட் மாக்ஸ் கப்பலின் மூக்கால் 'ரே டி'இத்தாலியா' என்ற கவசக் கப்பலை இடித்தே மூழ்கடித்தார். நாடு ஒன்றுபட்டு ஐந்தே வருடம் ஆகியிருந்தது. அந்த அவமானம் இத்தாலியக் கடற்படையைப் பல வருடம் விடவில்லை, பணமும் குறைந்தது.

அதே 1866-இன் டிசம்பரில், அதே ஏட்ரியாட்டிக் கடலோரத்தில், ஆஸ்திரியப் பேரரசின் ஃபியூமே துறைமுகத்தில் வேறொன்று நடந்தது. ராபர்ட் வைட்ஹெட் என்ற ஆங்கிலேய என்ஜினியர், தானே ஓடும் டார்பிடோவை ஓட்டிக் காட்டினார். மூல யோசனை ஆஸ்திரியக் கடற்படை அதிகாரி ஜியோவானி லுப்பிஸ் உடையது. கரையிலிருந்து கயிறு கட்டித் திருப்பும், வெடிமருந்து வைத்த சிறு படகு அவர் செய்தது. வைட்ஹெட் அதை நீருக்கடியில் கொண்டுபோய், அழுத்திய காற்றால் ஓடவைத்தார். முதலில் வந்தது சில நூறு அடிதான் ஓடியது. வேகமும் ஆறேழு நாட் தான். ஒரு நாட் என்றால் மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் உண்மையான சாதனை, டார்பிடோவை ஒரே ஆழத்தில் ஓடவைத்ததுதான். வைட்ஹெட் ஆலையில் அந்தப் பாகத்தை 'ரகசியம்' என்றே சொல்வார்கள். வெளித் தண்ணீரின் அழுத்தத்தை உணரும் ஒரு தட்டு உள்ளே இருக்கும். டார்பிடோ ஆழம் போனால் அழுத்தம் கூடித் தட்டு உள்ளே அமுங்கும். வாலில் உள்ள சிறகு திரும்பி மேலே ஏற்றும். ஆனால் இந்தத் தட்டு மட்டும் இருந்தால், புதிதாக சைக்கிள் ஓட்டுகிறவன் ஹேண்டில்பாரை மாற்றி மாற்றி ஒடிப்பதுபோல டார்பிடோ மேலும் கீழுமாகத் துள்ளிக்கொண்டே போகும். சரியான ஆழத்துக்கு வரும்போது மூக்கு இன்னும் மேலே பார்த்துக்கொண்டிருக்கும், அதனால் தாண்டிவிடும். வைட்ஹெட் கூடவே ஒரு ஊசல்குண்டைத் தொங்கவிட்டார். மூக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை அது உணர்ந்து, தட்டின் அவசரத்தை அடக்கும். இரண்டும் சேர்ந்ததும் டார்பிடோ துள்ளாமல் ஒரே ஆழத்தில் ஓடியது. எந்தக் கம்ப்யூட்டரும் இல்லாத காலத்தில் ஒரு ஊசலையும் ஒரு தட்டையும் வைத்து இதைச் சாதித்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம் அடங்குவதில்லை.

பக்கவாட்டில் விலகாமல் போவதற்கான வழி மட்டும் ரொம்ப நாள் கிடைக்கவில்லை. அந்தக் குறையை 1890-களின் நடுவில் லுட்விக் ஓப்ரி என்பவரின் கைரோஸ்கோப்தான் (வேகமாகச் சுழலும் சக்கரத்தால் திசை மாறாமல் பிடித்துவைக்கும் கருவி) தீர்த்தது. டிரிப்போலி கடலில் இறங்கியபோது அது கிடையாது. அதனால் 1886-இல் டார்பிடோவை நம்பி விடக்கூடிய தூரம் சில நூறு மீட்டர்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் எல்லாம் இதைச் சுற்றித்தான்.

இத்தாலியின் முதல் முயற்சி டிரிப்போலி இல்லை. 1876-இல் வெனிஸ் கட்டுந்துறையில் நீரில் இறக்கிய 'பியெத்ரோ மிக்கா'தான் முதல். பெயரைப் பாருங்கள்: 1706-இல் பிரெஞ்சுப் படை தூரின் கோட்டையை முற்றுகையிட்டபோது, சுரங்கத்துக்குள் நுழைந்த எதிரிகளைத் தடுக்க, தப்பிக்க நேரமில்லை என்று தெரிந்தும் வெடிமருந்துக்குத் தீ வைத்து உயிர் விட்ட படைவீரர் பியெத்ரோ மிக்கா. எதிரியின் அருகில் போய் வெடிக்கவைக்க வேண்டிய கப்பலுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. மூக்கில் நீருக்கடியில் ஒரே ஒரு டார்பிடோ குழாய். மற்றபடி ஓரிரண்டு சிறு துப்பாக்கிகள்தான். ஆனால் எதிர்பார்த்த வேகம் வரவே இல்லை. 14 நாட் அளவிலேயே நின்றுவிட்டது. அன்றைய பெரிய கவசக் கப்பல்களே ஏறக்குறைய அந்த வேகத்தில் போய்க்கொண்டிருந்தன. 1893-இல் கழித்துக்கட்டினார்கள்.

14 நாட் ஏன் போதாது என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். எதிரிக் கப்பல் 2,000 மீட்டர் தொலைவில் இருக்கிறது. டார்பிடோ விட 400 மீட்டருக்குள் போக வேண்டும். அதாவது 1,600 மீட்டரைக் கடக்க வேண்டும். எதிரி நங்கூரம் போட்டு நின்றால், 17 நாட் கப்பலுக்கு மூன்று நிமிடம். எதிரி 14 நாட்டில் விலகி ஓடினால், நெருங்கும் வேகம் மூன்றே நாட். பதினேழு பதினெட்டு நிமிடம் துரத்த வேண்டும். நம் கப்பலே 14 நாட் என்றால் எத்தனை மணி நேரம் துரத்தினாலும் இடைவெளி குறையாது. அந்த நிமிடங்கள் முழுக்க எதிரியின் சிறு பீரங்கிகள் சுட்டுக்கொண்டே இருக்கும். 1880-களில் ஹாட்ச்கிஸ், நோர்டென்ஃபெல்ட் போன்றவர்களின் விரைவுப் பீரங்கிகள் எல்லாப் போர்க்கப்பலிலும் ஏறிவிட்டன. டார்பிடோ கப்பலுக்கோ கவசம் கிடையாது. வேகம் மட்டுமே அதன் கவசம்.

இந்தப் பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்தவர் பெனெதெத்தோ பிரின். தூரினில் பிறந்த கப்பல் என்ஜினியர். 1870-களிலேயே ஒரு தடவை, பிறகு 1884 முதல் 1891 வரை மறுபடியும் கடற்படை அமைச்சர். கப்பலை வரைகிறவரே பணத்துக்குக் கையெழுத்துப் போடும் இடத்திலும் இருந்தார், இது எல்லா நாட்டுக்கும் வாய்ப்பதில்லை. அவர் புகழ் ராட்சதக் கப்பல்களால் வந்தது: 1876-இல் இறங்கிய 'கயோ துயிலியோ', அதில் 450 மில்லிமீட்டர் வாயுள்ள பீரங்கிகள். அந்தத் துயிலியோவின் பின்பக்கத்திலேயே ஒரு சிறிய டார்பிடோ படகை வைத்துக்கொள்ளும் அறை இருந்தது. பெரிய பீரங்கியை நம்பியவர் டார்பிடோவையும் விடவில்லை.

அரசியலும் சேர்ந்துகொண்டது. 1881-இல் பிரான்ஸ் துனிசியாவை எடுத்துக்கொண்டதில் இத்தாலிக்குக் கடும் கோபம். மறு வருடமே ஜெர்மனி, ஆஸ்திரியாவுடன் முக்கூட்டு ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அதனால் இப்போது எதிரி என்று கணக்குப்போட வேண்டியது தூலோன் துறைமுகத்தில் நிற்கும் பிரெஞ்சுக் கடற்படையை. அந்தப் பக்கம் அட்மிரல் ஓப், சின்ன டார்பிடோ படகுகள் பெரிய கப்பல்களை ஒழித்துவிடும் என்று வாதாடியவர், 1886-இல் பிரெஞ்சு அமைச்சரே ஆனார். நீண்ட கடலோரம், குறைந்த பணம், கட்டி முடிக்கப் பல வருடம் பிடிக்கும் பெரிய கப்பல்கள். இந்த நிலையில் சீக்கிரம் கட்டக்கூடிய, வேகமான சிறு கப்பல்கள் இத்தாலிக்கு உடனே தேவைப்பட்டன.

டிரிப்போலியை எவ்வளவு வேகமாகக் கட்டினார்கள் என்று பாருங்கள். நேபிள்ஸ் வளைகுடாவில் உள்ள காஸ்தெல்லாமாரே தி ஸ்தாபியா கட்டுந்துறையில் 1885 ஜூனில் வேலை தொடங்கியது. 1886 ஆகஸ்டில் நீரில் இறங்கியது. அந்த டிசம்பரில் முடிந்தே விட்டது. மொத்தம் ஒன்றரை வருடம். பிரினின் இன்னொரு படைப்பான 'இத்தாலியா' போர்க்கப்பல் 1876-இல் தொடங்கி 1885-இல்தான் முடிந்தது.

உருவம் மெலிந்த கப்பல்: நீளம் 70 மீட்டருக்கு மேல், அகலம் எட்டு மீட்டருக்கும் குறைவு, எடை சுமார் 850 டன். நீராவி என்ஜின் மூன்று, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி புரொப்பெல்லர். இவ்வளவு சின்ன உடலுக்குள் மூன்று என்ஜின் வைப்பது அன்று துணிச்சலான ஏற்பாடு. என்ஜின் அறையில் ஆள் நடமாடவே கஷ்டமாக இருந்திருக்கும். பாய்லர்கள் ரயில் என்ஜினில் இருக்கும் வகை. கனம் குறைவு, ஆனால் மூச்சுவிடாமல் நிலக்கரி அள்ளிப்போட்டு ஓட்டினால் தொல்லை கொடுக்கும். வேகம் 17 நாட்டுக்கு மேல். மிக்காவோடு ஒப்பிட்டால் மூன்று நாட் அதிகம்தானே என்று தோன்றும். மேலே போட்ட கணக்கில், பிடிக்கவே முடியாது என்பதற்கும் பதினேழு நிமிடத்தில் பிடிக்கலாம் என்பதற்கும் நடுவில் இருப்பது இந்த மூன்று நாட்தான்.

முக்கிய ஆயுதம் 14 அங்குல டார்பிடோ குழாய்கள் ஐந்து. பீரங்கிகள் சிறியவை, எதிரியின் டார்பிடோ படகுகளை விரட்ட. அதாவது இந்தக் கப்பலுக்கு இரண்டு வேலை: தானும் டார்பிடோ விட வேண்டும், எதிரி விட வந்தால் தடுக்கவும் வேண்டும். இந்த வடிவம் பிடித்துப்போய், இதை வைத்துத்தான் பின்னால் கோயித்தோ வகையும் பார்த்தெனோப்பே வகையும் வந்தன. முதல் வகைக்குப் பெரும்பாலும், இத்தாலியை ஒன்றுசேர்த்த பியெத்மோந்து அரசின் போர்க்களப் பெயர்கள்: கோயித்தோ, மோந்தெபெல்லோ. இரண்டாவதற்குப் புராணப் பெயர்கள்: மினெர்வா, யூரிடிச்சே, யுரானியா, அரெத்தூசா.

சேவையில் டிரிப்போலி என்ன செய்தது? பெரும்பாலும் முதன்மைப் படையோடு சேர்ந்து பயிற்சி. இதைப் படிக்கிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. டார்பிடோவை எப்படி விடுவது, இரவில் எப்படி நெருங்குவது, சொந்தக் கப்பலை எதிரி என்று நினைத்துத் தாக்காமல் இருப்பது எப்படி என்று எந்த நாட்டுக் கடற்படைக்கும் அன்று அதிக அனுபவம் கிடையாது. இந்த மாதிரிக் கப்பல்களை வைத்துப் பழகித்தான் ஒரு தலைமுறை அதிகாரிகள் கற்றுக்கொண்டார்கள்.

இந்த வகைக் கப்பல் உண்மையில் வேலை செய்யுமா என்பதற்குப் பதில் இத்தாலியில் கிடைக்கவில்லை, சிலியில் கிடைத்தது. 1891-இல் அங்கே உள்நாட்டுப் போர். ஏப்ரல் 23 அதிகாலை, கால்தேரா விரிகுடாவில் நின்ற 'பிளாங்கோ என்கலாடா' என்ற கவசக் கப்பலை, 'கொந்தெல்', 'லிஞ்ச்' என்ற இரண்டு டார்பிடோ கப்பல்கள் தாக்கின. டிரிப்போலியைப் போன்ற அளவுதான் அவையும். முதலில் போன கொந்தெல் விட்டவை எல்லாம் குறி தவறின. எதிரிக் கப்பலில் இருந்தவர்கள் அதைப் பார்த்துச் சுட்டுக்கொண்டிருந்தபோது, மறுபக்கம் லிஞ்ச் நெருங்கி அடித்தது. சில நிமிடத்தில் கப்பல் மூழ்கியது. தானே ஓடும் டார்பிடோவால் ஒரு கவசக் கப்பல் மூழ்கியது அதுதான் முதல் தடவை. ஆக, யோசனை சரி. ஆனால் கவனியுங்கள், எதிரி நங்கூரத்தில் நின்றது, நேரம் விடியற்காலை, நெருங்கியது மிகமிகக் கிட்டத்தில். ஓடும் கப்பலைப் பட்டப்பகலில் பிடிப்பது வேறு கதை.

அப்புறம் இரண்டே வருடத்தில் நிலைமை மாறிவிட்டது. 1893-இல் பிரிட்டன் 'ஹேவக்' என்ற நாசகாரிக் கப்பலை (டிஸ்ட்ராயர்) இறக்கியது. எடை டிரிப்போலியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. வேகம் 26 நாட். டிரிப்போலி செய்ய வேண்டிய இரண்டு வேலையையும் அது குறைந்த செலவில், சுமார் ஒன்பது நாட் கூடுதலாகச் செய்தது. இத்தாலியும் 1898-இல் தன் முதல் நாசகாரியான 'ஃபுல்மினே'யை இறக்கியது. அடுத்த சில வருடங்களில் 30 நாட் கப்பல்களும் வந்தன. டார்பிடோ குரூசர் என்ற வகையே மெல்ல மறைந்தது. ஜெர்மனியின் 'ஸீட்டன்' 1876-இல் டார்பிடோவுக்காகவே கட்டியது, அதையும் பின்னால் மீன்பிடி எல்லையைக் காவல் காக்க அனுப்பிவிட்டார்கள். கோயித்தோ வகையில் மோந்தெபெல்லோ என்ஜின் ஆட்களுக்குப் பயிற்சிக் கப்பலானது. அந்த வகையில் வேறு சிலவற்றை 1901-லேயே கழித்துவிட்டார்கள்.

டிரிப்போலி தப்பியது வேறு வழியில். 1897-இலேயே அதைக் கண்ணிவெடி போடும் கப்பலாக மாற்றினார்கள். இத்தாலியக் கடற்படையில் அந்த வேலைக்கு மாற்றிய முதல் கப்பல்களில் அதுவும் ஒன்று. கடலில் கண்ணிவெடி போடுவதற்கு என்ன தேவை? ஆழமில்லாத தண்ணீரிலும் போகக்கூடிய கப்பல். இருட்டில் போய், போட்டுவிட்டு, விடிவதற்குள் திரும்பும் வேகம். வெடிகளை வரிசையாக அடுக்கப் போதுமான நீளம். இந்த மூன்றும் டிரிப்போலியிடம் ஏற்கெனவே இருந்தன. ஒரு போர்க்கப்பலைத் துரத்திப் பிடிக்க 17 நாட் போதாமல் போயிருக்கலாம். இரவில் போய்வர அது தாராளம்.

கண்ணிவெடியை வேண்டிய ஆழத்தில் நிறுத்துவதும் டார்பிடோவின் 'ரகசியம்' போலவே அழகான வேலை. வெடி ஒரு மிதவை. அதற்கடியில் கனமான நங்கூரப் பெட்டி, உள்ளே கம்பிவடம் சுற்றிய உருளை. பெட்டியிலிருந்து ஒரு சின்ன ஈயக்குண்டு கயிற்றில் தொங்கும். வெடி மேற்பரப்பிலிருந்து மூன்று மீட்டர் கீழே நிற்க வேண்டுமானால் அந்தக் கயிறும் மூன்று மீட்டர். எல்லாவற்றையும் சேர்த்துக் கப்பலின் பின்பக்கத்திலிருந்து தள்ளிவிடுவார்கள். வெடி மிதக்கும், பெட்டி வடத்தை விட்டுக்கொண்டே மூழ்கும். ஈயக்குண்டு முதலில் தரையைத் தொடும். தொட்டதும் கயிறு தொய்யும், உருளை பூட்டிக்கொள்ளும். பெட்டி தரைக்குப் போக இன்னும் மூன்று மீட்டர் இருக்கிறது; அந்த மூன்று மீட்டரும் இறங்கும்போது வெடியையும் மூன்று மீட்டர் கீழே இழுத்துவிடும். கடல் எவ்வளவு ஆழம் என்று யாரும் அளக்க வேண்டியதில்லை. இந்தத் துறையில் இத்தாலியர்கள் நன்றாகவே உழைத்தார்கள். எலியா என்ற இத்தாலியக் கடற்படை அதிகாரி வடிவமைத்த கண்ணிவெடியின் ஒரு வகையைப் பிரிட்டனே எடுத்துக்கொண்டது, முதல் உலகப்போரில் அது அவர்களுக்குச் சரிவர உதவவில்லை என்றாலும்.

1904-இல் ரஷ்ய-ஜப்பான் போர், கண்ணிவெடி என்றால் என்ன என்று எல்லோருக்கும் காட்டியது. ஏப்ரலில், சீனக் கடலோரத்தில் ரஷ்யத் தளமாக இருந்த ஆர்தர் துறைமுகத்தருகே 'பெத்ரோபாவ்லோவ்ஸ்க்' என்ற ரஷ்யப் போர்க்கப்பல் கண்ணிவெடியில் வெடித்து, ரஷ்ய அட்மிரல் மகாரோவ் இறந்தார். 1878-இல் கருங்கடல் துறைமுகமான பாத்தூமில் துருக்கியக் கப்பலை வைட்ஹெட் டார்பிடோவால் மூழ்கடித்த படகுகளுக்குத் தலைமை தாங்கியவர் அதே மகாரோவ்தான். மே 15 ஒரே நாளில் ஜப்பானின் இரண்டு பெரும் போர்க்கப்பல்கள், 'ஹட்சுசே'யும் 'யாஷிமா'வும், ரஷ்யர்கள் போட்ட வெடிகளுக்குப் பலியாயின. அதன் பிறகு பார்த்தெனோப்பேயையும் மினெர்வாவையும் இத்தாலி கண்ணிவெடிக் கப்பலாக மாற்றியது. 1910-இல் டிரிப்போலிக்கும் இதற்கான கூடுதல் சாதனங்கள் ஏறின.

1911-இல் இத்தாலி துருக்கியோடு போருக்குப் போனது. இலக்கு டிரிப்போலி நகரம். அக்டோபர் 3 இத்தாலியக் கப்பல்கள் அந்த நகரத்தின் கோட்டைகளைச் சுட்டன, இரண்டு நாளில் மாலுமிகள் இறங்கினார்கள். அந்தப் பெயரைத் தாங்கிய கப்பலுக்கு இந்தப் போரில் குறிப்பிடும்படியான பங்கு எதுவும் இல்லை. ஆனால் அதன் வடிவத்தில் பிறந்த அரெத்தூசா செங்கடலில், ஹொதைதாவுக்கு அருகே, துருக்கியின் 'பெய்க்-இ ஷெவ்கெத்' என்ற கப்பலோடு மோதியது. அதுவும் ஒரு டார்பிடோ குரூசர், ஜெர்மனியில் கட்டியது. துருக்கியக் கப்பல் துறைமுகத்துக்குள் ஒதுங்கிக்கொண்டது.

முதல் உலகப்போரிலும் டிரிப்போலிக்குப் பெரிய சண்டை வாய்க்கவில்லை. பார்த்தெனோப்பேயின் விதி வேறு. 1918 மார்ச் 24, துனிசியாவின் பிஸெர்த்தேக்கு வடக்கே, யு.சி.-67 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி அதை மூழ்கடித்தது.

மூன்று மாதம் கூட ஆகவில்லை, அந்த ஜூன் 10 விடியற்காலையில், ஏட்ரியாட்டிக்கில் பிரெமூதா தீவருகே லூயிஜி ரிஸ்ஸோ தன் மாஸ்-15 மோட்டார் படகில் ஆஸ்திரியாவின் 'ஸென்ட் இஸ்த்வான்' என்ற 20,000 டன் போர்க்கப்பலை இரண்டு டார்பிடோவால் மூழ்கடித்தார். படகின் நீளம் பதினாறு மீட்டர். இத்தாலியக் கடற்படை இன்றும் ஜூன் 10-ஐத்தான் தன் நாளாகக் கொண்டாடுகிறது. 1876-இல் பியெத்ரோ மிக்காவை இறக்கியவர்கள் கனவு கண்டது இதைத்தான்: சின்னக் கப்பல் ஒன்று நெருங்கிப் போய் ராட்சதனை வீழ்த்த வேண்டும். அது நடக்க 42 வருடமும், பெட்ரோல் என்ஜினும், கைரோஸ்கோப்பும் தேவைப்பட்டன.

அந்த ஜூனில் டிரிப்போலி இன்னும் கடற்படைப் பட்டியலில் இருந்தது. போர் முடிந்ததும் மிச்சமிருந்த அதன் வகைக் கப்பல்கள் ஒவ்வொன்றாகப் போயின: 1920-இல் கோயித்தோ, 1921-இல் மினெர்வா. எல்லாவற்றுக்கும் முன்னால் வந்த டிரிப்போலியே எல்லாவற்றையும்விட அதிக காலம் இருந்தது. 1923 மார்ச்சில் அதை உடைப்பதற்கு விற்றார்கள்.